எட்டு வாரக் களிம்பு

ஜூன் 29, சனி

ஈரோட்டில் யூராலஜி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். பட்டறைக்குச் செம்புக்கம்பி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்ததால் திரும்பும்போது உண்மையிலேயே நான்கு கிலோ கம்பி வாங்க வேண்டியதாயிற்று. பஸ்ஸில் கம்பிச் சுருள் என் மடியில். மருந்துக் கடைப் பை அவர் சட்டைக்குள்.

டாக்டர் அறைக்குள் என்னை வர வேண்டாம் என்றுவிட்டார் லோகேஸ்வரன். "நீ சித்தெ இங்கயே உக்காரு, சிந்து. நானே பேசிக்கறேன்." பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெரியவர் தன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி ஐந்து மாதம். முன்தோல் இறுகிப் பின்னால் போகாமல் இருப்பது அவருக்கு எப்போதிலிருந்தோ இருந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாராம். வலி கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பிப்ரவரியில் இரண்டு முறை, மார்ச்சில் ஒரு முறை. அதன் பிறகு நாங்கள் முயலவே இல்லை. ஏப்ரல் முழுவதும் பட்டறையில் கோடைக்கால மோட்டார்கள் குவிந்து கிடப்பதாகச் சொன்னார். அந்த மாதம் நான் புதிதாக இரண்டு சேலை எடுத்தேன், முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன், ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினேன். காரணம் எதுவும் இல்லை, வெயில்தான். மே மாதம் ஒரு நாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

பவானி ஆற்றுப் பாலம் ஏறும்போது என் காதருகே குனிந்து, "கத்தி வேண்டான்னுட்டாரு" என்றார். ஐந்து மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சர்க்கரை இல்லை, புண் இல்லை, தழும்பு இல்லை. ஒரு ஸ்டீராய்டு களிம்பு. காலையும் மாலையும் வெந்நீரில் குளித்துவிட்டுத் தடவ வேண்டும், தோலை மெல்ல மெல்ல நெகிழ்த்த வேண்டும், வலித்தால் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எட்டு வாரம். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுமாம்.

"ஆகலைன்னா?" என்றேன்.

"ஆகலைன்னா ஆப்ரேசன். அதுக்கு நான் இப்படியே இருந்துக்குவேன்."

இப்படியே இருந்துகொள்வது அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கம்பி மடியில் கனத்தது.

ஜூன் 30, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு ஆட்டி வைத்தேன். அத்தை தூங்கும் நேரம் பார்த்து வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 3, புதன்

கல்லூரி நூலகத்தில் வருடாந்தரக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தூசி தட்டி, எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அந்துருண்டை போட்டு வைக்க வேண்டும். நர்சிங் கல்லூரி என்பதால் பாதிக்கு மேல் மருத்துவப் புத்தகங்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அலமாரியில் இருக்கும் கதைப் புத்தகங்களை இரண்டு தடவை முடித்துவிட்டேன். மருத்துவப் புத்தகங்களை முதுகு பார்த்து அடுக்கியதோடு சரி.

இன்று அறுவை சிகிச்சைப் பாடநூல் ஒன்றை அடுக்கும்போது திறந்தேன். நான்கு பக்கம் இருக்கிறது. படமும் இருக்கிறது. எவ்வளவு சாதாரணமான தொந்தரவு என்று பார்த்ததும் கண் எரிந்தது. அந்துருண்டை நெடி.

ஒரு பத்தியைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். தோல் பின்னால் போக ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு முறையும் அதைப் பழையபடி முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். பின்னாலேயே நின்றுவிட்டால் கழுத்தில் கயிறு இறுகியது போல் ஆகி, முனை வீங்கி, சில மணி நேரத்தில் ஆபத்தாகிவிடும்.

அவரிடம் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது? எங்களுக்குள் அதற்குப் பெயர் கிடையாது. 'அந்த வேலை முடிஞ்சுதுங்களா' என்று நான் கேட்பேன், 'ஆச்சு' என்பார். டாக்டர் சொல்லியிருப்பார். டாக்டரின் வேலை அது.

ஜூலை 7, ஞாயிறு

அத்தையின் தோழி பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் முறுக்குப் பிழிய வந்தார். நான் அடுப்பில் நின்றேன்.

"அஞ்சு மாசமாச்சு. இன்னும் தலைக்குக் குளிச்சுட்டே இருக்கறாளா உன்ற மருமக?"

"படிச்ச புள்ளயல்லொ. புஸ்தகத்துல நாள் பாத்துட்டு இருப்பா."

"புஸ்தகத்துல என்னத்தப் பாக்கறது? ராத்திரிக்கு லைட்ட அமத்தோணும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் முறுக்கு உடைந்தது. நானும் சிரித்துவைத்தேன். பிறகு அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆடிக்கு கோபி போறயல்லொ அம்மிணி, அங்க உங்கம்மாகிட்டச் சொல்லி ஒரு லேடி டாக்டர்ட்டக் காட்டிட்டு வந்துரு. நம்ம பக்கம் யாருக்கும் இப்படித் தள்ளிப்போனதில்ல" என்றார்.

சரிங்க அத்தை என்றேன். அத்தை கெட்டவர் இல்லை. முறுக்கில் உடையாததை எனக்குத் தனியாக எடுத்துவைத்திருந்தார்.

ஜூலை 12, வெள்ளி

அவருடைய வேலை, கருகிப்போன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டுவது. தலைமுடி கனமுள்ள கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்றுவார். ஒன்றுகூட மேலேறாது. அப்படிப்பட்ட விரல்களில் எப்போதும் வார்னிஷ் இருக்கும். இப்போது மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோல் போட்டு, பத்து நிமிடம் கை கழுவுகிறார். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார்.

"கொஞ்சம் எளகியிருக்குது" என்றார் இன்று. மோட்டார் ஓடத் தொடங்கினால் காது வைத்துக் கேட்பாரே, அதே முகம்.

"நல்லதுங்க."

"மில்லிமீட்டர் கணக்குத்தான்."

"அதுவும் கணக்குத்தானுங்க."

முன்பு ஒரு முறை கேட்டேன், ஏன் ஆபரேஷன் என்றால் இவ்வளவு பயம் என்று. பயம் கத்தியில் இல்லையாம். அத்தையின் அண்ணன் மகன் தயாளன் கல்லூரி முடித்த வருடம் இதே தொந்தரவுக்கு ஆபரேஷன் செய்து முன்தோலை எடுத்துக்கொண்டார். மாமன் மச்சான் முறை. கேலி பேச உரிமை உண்டு. ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க அவரை 'பாய்' என்று கூப்பிட்டார்கள். அவர் கல்யாணப் பந்தலில் மைக் வைத்திருந்தவன் வரைக்கும் கூப்பிட்டானாம். அந்தப் பேரை முதலில் வைத்தது யார் என்று கேட்டேன். நகத்து வார்னிஷைச் சுரண்டிக்கொண்டே, "நான்தான்" என்றார்.

கோபிக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆறு சேலை, நான்கு சுடிதார், மூன்று புத்தகம், என் சர்டிபிகேட் பை. அந்தப் பை இங்கே ஈரச் சுவர் பக்கம் இருக்கிறது. அங்கே இருந்தால் பத்திரம்.

ஜூலை 17, புதன். ஆடி 1

அம்மாவும் அப்பாவும் தட்டு வரிசையோடு வந்து அழைத்துப் போனார்கள். அவருக்கு வேட்டி சட்டை. மதியம் கோபி வீட்டு வாசலில் தேங்காய் சுட்டோம். கண்ணைத் துளைத்து, வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் அவலும் போட்டு, குச்சியில் குத்தி நெருப்பில் காட்டினோம். அவர் தன் தேங்காயைக் கருகவிடாமல் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டிருந்தார். "மாப்ள நல்லாப் பொறுமைசாலி" என்றார் அப்பா.

சாயங்காலம் அவர் பவானிக்குக் கிளம்பிவிட்டார். புதுப் பெண் ஆடி முழுவதும் பிறந்த வீட்டில். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டில் விடப் போனபோது, எங்களைப் பிரித்துவைக்க ஒரு மாதம் வேண்டியிருக்கிறதே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

"என்ன சிரிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. களிம்பு எடுத்துவெச்சிருக்கறேன், பைல. வெந்நி நீங்களே போட்டுக்கோணும்."

"அம்மா கேட்டா?"

"இடுப்பு வலின்னு சொல்லீருங்க."

பஸ் கிளம்பியதும் மூச்சு இறங்கியது. அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது.

ஜூலை 24, புதன்

கோபியிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பஸ். வீடு வந்தால் கால் வீங்கியிருக்கிறது. இரவு எட்டரைக்குப் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அந்த வேலை? ஆச்சு. எவ்வளவு? பாதிக்கு மேல். அவ்வளவுதான் பேச்சு.

இன்று அம்மா கேட்டாள்: "ஆடிக்கு வர்ற புள்ள சர்டிபிகேட் பைய எதுக்கடி கட்டீட்டு வந்தே?"

ஈரம் என்றேன். அம்மா வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். கோயம்புத்தூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் நூலகர் வேலைக்கு ஆகஸ்ட் 5 நேர்காணல். தங்க விடுதியும் உண்டு. எதற்கும் போட்டுவைப்போம் என்று மே மாதமே விண்ணப்பித்தது. எல்லோரும் செய்வதுதான்.

ஜூலை 30, செவ்வாய்

லேடி டாக்டரிடம் போகவில்லை. போனதாக அத்தையிடம் போனில் சொன்னேன். "என்ன சொன்னா?" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். "உனக்கு ஒண்ணுமில்லைன்னா அப்பறம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே, "சரி, கடவுள் உடோணும்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

உட்கார்ந்து எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலை ஏழேகாலுக்கு நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "சிந்து, இன்னைக்கு முழுசாப் போயிருச்சு. வலியே இல்ல." ஒரே இரைச்சல். நல்லதுங்க, நல்லதுங்க என்று இரண்டு முறை சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "நல்ல சேதியா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். கட்டம் கட்டிய அந்தப் பத்தி அப்போது ஞாபகத்துக்கு வந்ததா என்று பல முறை யோசித்துவிட்டேன். வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு அதை எப்படிக் கேட்பது?

மூன்று மணிக்கு மறுபடி போன். குரல் வேறு மாதிரி இருந்தது. வீங்கிவிட்டது, நீலமாக இருக்கிறது, பட்டறையில் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

"முன்னால கொண்டுவந்து உட்டீங்களா?"

"எதை?"

"தோலைங்க. பின்னால போனதைத் திரும்ப முன்னால."

"இல்லியே. அப்படியே நிக்கட்டும்னு உட்டேன். காயில் கட்டுனா வார்னிஷ் காயற வரைக்கும் கட்டு அவுக்க மாட்டமல்லொ. அப்பத்தான் அந்த வாகுல நிக்கும். அதாட்டத்தான்னு..."

காலையிலிருந்து எட்டு மணி நேரம். அலமாரிகளுக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, பெயர் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள், கையால் மெல்ல அமுக்கிக்கொண்டே இருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி புத்தகத்தோடு வந்து, கேட்டுவிட்டு, திரும்பிப் போனாள்.

"நடக்க முடியல. ஆட்டோக்காரன்கிட்ட என்னன்னு சொல்ல? ராத்திரிக்குள்ள வடிஞ்சுரும்."

"வடியாதுங்க."

"யார்கிட்டயும் சொல்லீராதே."

வைத்துவிட்டு தயாளனுக்குப் போன் செய்தேன். பவானியில் அவரிடம் ஆம்னி வேன் இருக்கிறது. அண்ணா என்று கூப்பிடும் முறை எனக்கு. நான் முடிப்பதற்குள், "பட்டறைலயா இருக்கறான்? நீ ஈரோட்டுக்கு வந்துரு கண்ணு, நான் தூக்கிப் போட்டுட்டு வாரேன்" என்றார்.

இந்த முறை டாக்டர் அறைக்குள் நானும் போனேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்துப்போகும் மருந்து தடவி, டாக்டர் கையாலேயே இருபது நிமிடம் அமுக்கி அமுக்கி வீக்கத்தை இறக்கி, தோலை முன்னால் கொண்டுவந்தார். லோகேஸ்வரன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது.

"திரும்ப முன்னால விடணும்னு சொன்னனே, கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

"அன்னைக்குக் கூச்சத்துல சுவத்துக் காலண்டரயே பாத்துட்டு இருந்தனுங்க. காயிலாட்ட அப்படியே நிக்கட்டும்னு உட்டுட்டேனுங்க."

"இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா வெட்டித்தான் விட்டிருக்கணும். இது காயில் இல்லைங்க, உயிருள்ள தோல். பத்து நாள் எதுவும் செய்யாதீங்க. அப்புறம் முதலிலிருந்து."

வேனில் அவர் பின் சீட்டில் படுத்துக்கொண்டார். சித்தோடு தாண்டியதும் தயாளன் கண்ணாடியில் பார்த்து, "ஏன்டா மாப்ளே, எனக்கு ஒரு போன் போடறதுக்கு என்னடா?" என்றார்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுடா கேக்கறது?"

"அது சரி. பேர் வெச்ச மகராசன்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "உனக்கு ஒயர் குடுக்கற காதர் பாய் நாலு புள்ளயக் கட்டிக் குடுத்துட்டு நம்மளவிட நல்லா இருக்கறாரு. அவியளுக்கு அது ஒரு சடங்கு. எனக்கு அது ஒரு வைத்தியம். உனக்குத்தான்டா அது சிரிப்பு."

பின் சீட்டில் அவர் தோள் குலுங்கியது. தயாளன் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

ஈரோட்டிலிருந்து நான் நேராகக் கோபி பஸ் ஏறியிருக்கலாம். வேனில்தான் ஏறினேன். பவானி வீட்டு வாசலில் அத்தையும் பாவாத்தாளும் நின்றிருந்தார்கள்.

"ஏனம்மிணி, ஆடி முடிய இன்னும் பதினஞ்சு நாள் கெடக்குதல்லொ?"

"இவியளுக்கு ஒடம்பு சரியில்லீங்க அத்தை. அதான்."

"காலைல நல்லாத்தானே போனான்!" அத்தை மகனைப் பார்த்தார். அவர் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். "ஓஹோ. இவ கூப்புட்டாளா, அவன் கூட்டிட்டு வந்தானா? பதினஞ்சு நாள் பொறுக்க முடியலியா? படிச்ச புள்ளன்னு கட்டுனா, ஊரு சிரிக்குது."

பாவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் அவர் போன பக்கம் பார்த்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. வலி இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கல்லூரிக்கு விடுப்பு. அத்தை கோபிக்குப் போன் செய்து அம்மாவிடம் பேசினார். சமையலறையில் எனக்குக் கேட்கும்படியாகத்தான் பேசினார். நான் தனியே சாப்பிடும்படியாக அத்தை தட்டில் போட்டுக் கூடத்தில் வைத்தார். அறைக்குள் என்னைப் படுக்க விடவில்லை. கூடத்தில் பாயில் படுத்தேன்.

அவர் மத்தியானம் ஒரு முறை வெளியே வந்து தண்ணீர் குடித்தார். ஏதோ சொல்ல வந்து, கூடத்துப் பாயைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

கூடுதுறைக்குப் போகும் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அம்மா பதினோரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். வேர்த்து விறுவிறுத்து, கையில் தூக்குப்போசியில் கட்டுச்சோறு. என்னைக் கூட்டிப்போக வருகிறாள் என்று இங்கே மிச்சமிருந்த என் துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டு ஏற்கெனவே வாசலில் வைத்திருந்தார் அத்தை.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க. பெத்தவிய காதுல போடாம இருக்கப்படாது. ஆடிக்கு அனுப்புன புள்ள நடுவுல ஓடி வந்துட்டா. ஆறு மாசமா வயித்துல ஒண்ணும் தங்கல, இப்ப ஆடில வந்து நிக்கறா. தங்கற காலத்துல தங்காம, சித்திரைல பெத்து எங்க தலைல போடலாம்னு பாக்கறாளா? லேடி டாக்டருகிட்டப் போனாளா இல்லியா, அதுவே எனக்குத் தெரியல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஓர் எறும்பு ஒரு சர்க்கரைத் துணுக்கை இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. அது கதவிடுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கினால் போதும், பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், திங்கட்கிழமை கோயம்புத்தூர் என்று எண்ணிக்கொண்டேன்.

"அம்மா. போதும் நிறுத்துங்க."

அறை வாசலில் நின்றிருந்தார். கால்களை அகட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது.

"நீ உள்ள போயிப் படுடா. பொம்பளைக பேசிட்டு இருக்கறோம்."

"அவ மேல ஒரு கொறையும் இல்ல. கொறை எனக்கு. கல்யாணமான நாளா எனக்கு. தோலு இறுகிக் கெடக்குது, அதுக்கு ஒரு மாசமா ஈரோட்டுல வைத்தியம் பாக்கறேன். அன்னைக்கு நான் பண்ணுன தப்புல வீங்கிப் போச்சு. அவ வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு டாக்டரக் கேளுங்க. இவ லேடி டாக்டர்ட்டப் போகல. எதுக்குப் போகோணும்? ஆறு மாசமா நாங்க..." அங்கே நிறுத்தினார். காது மடல் சிவந்தது. என் அம்மாவும் நிற்கிறாளே. ஆனால் முடித்தார். "நாங்க புருசன் பொண்டாட்டியா இருக்கவே இல்ல. புள்ள எங்கிருந்து தங்கும்?"

குக்கர் விசில் அடித்தது. யாரும் எழவில்லை. மறுபடி அடித்தது.

அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். "சின்னதுல நாந்தானே தண்ணி ஊத்துனேன்" என்றார். "எனக்குத் தெரியலியே. ஏன்டா, என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"உங்ககிட்டச் சொன்னா மாமனூட்டுக்குத் தெரியும். மாமனூட்டுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும்."

அது உண்மை.

அம்மாதான் முதலில் அசைந்தாள். போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சலுக்குக் கேட்பது போலக் கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாருங்க மாப்ளே? ஆப்ரேசன் வேணுமுங்களா?"

"வேண்டாங்கறாருங்க அத்தை. பத்து நாள் உட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கோணுமாம்."

"அப்ப சரி. பத்து நாள்ங்கறது ஒரு பெரிய விசயமா?"

கட்டுச்சோற்றை எல்லோருமாகச் சாப்பிட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிளம்பும்போது அவர் பெட்டியைத் தூக்க வந்தார். தூக்கக் கூடாது என்று நானே வாங்கிக்கொண்டேன். "இருக்கறியா, போறியா?" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"போறேனுங்க. தூக்கம் வருது."

அவர் தலையாட்டினார். அம்மாவுடன் கோபி வந்து சேர்ந்து, இரவு ஏழு மணிக்குப் படுத்தவள் மறுநாள் எட்டுக்கு எழுந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோயம்புத்தூர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோபியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மறுபடி ஆரம்பித்துவிட்டார். இப்போதெல்லாம் போனில் 'அந்த வேலை' என்பதில்லை. எவ்வளவு தூரம் போகிறது, முன்னால் கொண்டுவந்தாயிற்றா, சிவந்திருக்கிறதா, எல்லாம் கேட்கிறேன், சொல்கிறார். நேற்று, "நீ புஸ்தகத்துல படிச்சயே, அத மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லொ?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை.

"சொல்லியிருக்கோணுமுங்க."

"சரி, உடு."

"இல்லீங்க. சொல்லியிருக்கோணும். தெரிஞ்சும் உட்டுட்டேன். உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு."

போனில் அவர் பட்டறை மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியும்" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. ஆவணி 2

பவானி வந்துவிட்டேன். அத்தை அதிகம் பேசுவதில்லை. பாவாத்தாள் வந்து, "ஆடிக் குளிர் உட்டுச்சா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தபோது, "உனக்கு ஊட்ல வேலையே கெடையாதா? முறுக்குக்கு மாவு ஆட்டற வழியப் பாரு" என்று அத்தை ஓர் அதட்டல் போட்டார். பாவாத்தாள் மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை என்பது பின்குறிப்பாகப் புதன்கிழமை எழுதுவது.

செப்டம்பர் 9, திங்கள்

மழை. ரேஷன் கடை. நூலகத்தில் கணக்கெடுப்பு முடிந்தது, பதினேழு புத்தகம் காணவில்லை. எல்லாம் கதைப் புத்தகங்கள்.

தயாளன் வந்து மத்தியானம் சாப்பிட்டுப் போனார். அவர் பேரைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும்போல. "என்னடா, பேங்க் மேனேஜரக் கூப்புடற மாதிரி கூப்புடறீங்க?" என்று சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டார்.

செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனி

கம்பி வாங்கப் போகிறோம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். அத்தை, "சாப்புட்டுப் போங்க, அங்க எந்நேரமாகுமோ" என்று தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்தார்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "முடிஞ்சது. ஆபரேஷன் தேவையில்லை. களிம்பை நிறுத்திடலாம். தினம் குளிக்கும்போது பின்னால தள்ளிக் கழுவிட்டு, முன்னால கொண்டுவந்து விட்டுடுங்க. வாழ்நாள் முழுக்க."

"முன்னால கொண்டுவந்து உட்டர்றனுங்க" என்று பள்ளிக்கூடப் பையனைப் போல் ஒப்பித்தார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

எத்தனையோ இருந்தது. "திரும்ப இறுகுமுங்களா?" என்று மட்டும் கேட்டேன். விட்டுவிட்டால் சிலருக்கு இறுகும், பழக்கமாகச் செய்தால் இறுகாது என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். பாலத்தில், "அவசரமில்ல, சிந்து. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப" என்றார். எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஏழு மாதத்தில் முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். யோசித்துப் பார்த்தேன். முதுகு வலித்தது. கண் சொருகியது.

"எனக்குத் தூங்கோணுங்க."

"எனக்குந்தான்" என்றார், பெருமூச்சு விட்டு.

வீட்டுக்கு வந்து ஒன்றரை மணிக்கு அறைக் கதவைச் சாத்தினோம். மின்விசிறியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்தோம். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, யாரும் எதற்கும் பயப்படவில்லை. அவர் கை என் கையின் மேல் வந்து விழுந்தது. அதற்குள் குறட்டை.

கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். ஆறு மணி. தலை கலைந்து, சேலை கசங்கி, கன்னத்தில் தலையணைத் தையலின் தடத்தோடு போய்த் திறந்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் பின்னால் கட்டிலில் குப்புறக் கிடந்த மகனை ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் உதட்டோரம் ஓடியதை நான் பார்த்துவிட்டேன்.

"வெளக்கு வெக்கற நேரமாச்சு. அது நான் வெச்சுக்கறேன். நீ மெதுவா எந்திரிச்சு வா, அம்மிணி."

தூங்கிக்கொண்டிருந்தோம் அத்தை, நிஜமாகவே தூக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பூஜை அறைப் பக்கம் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். சொல்லாமல் விட்டுவிட்டுக் கதவை மறுபடி சாத்தினேன்.